ரெஜினா டீச்சர் மாத்திரையே போடுவதில்லை

என் அருமை அம்மா,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். நம் சர்ச் பங்கு மலரில் உன் படத்தைப் போட்டுக் கீழே நான்கு வரி போடலாம், எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி ஜெரால்டு ஏற்கனவே எழுதிவிட்டான். 'பாசத்தின் இருப்பிடமே, பண்பின் உறைவிடமே' என்று ஆரம்பிக்கிறது. உன் மகன் கணக்கில்தான் மட்டம் என்று நினைத்திருந்தேன், தமிழிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அதனால் நான் தனியாக இதை எழுதுகிறேன். நான்கு வரியில் அடங்காது. பங்கு மலரில் போடமாட்டோம் என்று சொன்னால் வேறு எங்காவது போடுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ ரெஜினா டீச்சர். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். விடை சரியாக இருந்தாலும், நடுவில் ஒரு வரி விட்டுப் போயிருந்தால் முட்டை போடுகிறவள். சாந்தோமில் இரண்டாவது மாடியில், கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த வீட்டில் இருந்தாய். நான் அடையாறில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருபது வருஷமாக பார்மசிஸ்ட். என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "எம் பொண்ணு பாதி டாக்டர்" என்பாய். அந்தப் பாதி டாக்டர்தான் உன்னை முடித்து வைத்தாள்.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? ஆஸ்பத்திரியில் உனக்கு வைத்தியம் பார்த்த அந்தச் சின்னப் பெண் டாக்டர்மேல் ஜெரால்டு புகார் கொடுத்திருக்கிறான். முதல் மூன்று நாள் தப்பான மருந்து கொடுத்து உன்னைக் கொன்றுவிட்டாளாம். விசாரணை முடியும்வரை அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் போய், தம்பி சொல்வதெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் வேலை போய்விடும். அவள் ஏன் அந்த மருந்தில் ஆரம்பித்தாள் என்பது போன ஞாயிறு வரை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் ஒருத்தி நீ.

நீ டாக்டரிடம் போக மாட்டாய். டாக்டர் என்றால் உனக்கு உன்னிடம் எண்பது மார்க் வாங்கிவிட்டுப் பெருமை அடித்துக்கொள்கிற பழைய மாணவி. "அவ என்னத்தப் புதுசா சொல்லிடப் போறா? நான் சொல்றேன், நீ எடுத்துட்டு வா" என்று கடைக்குப் போன் பண்ணுவாய். சிவப்பும் கறுப்பும் கலந்த கேப்ஸ்யூல் நாலு. வெள்ளையில் நீளமாக இருக்குமே, அது ரெண்டு. பெயர் சொல்ல மாட்டாய், நிறம்தான். நானும் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி, கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போவேன்.

ஐந்து நாள் சாப்பிட வேண்டியதை நீ இரண்டு நாளில் நிறுத்துவாய். "சரியாப் போச்சு, இன்னும் எதுக்கு வேஸ்ட் பண்ணிக்கிட்டு?" மீதி எல்லாம் தையல் மெஷின் டிராயருக்குள் போகும். நீ போன பிறகு அதைக் காலி செய்தது நான்தான். நறுக்கிய துண்டுகள், அள்ள அள்ள வந்தது. மாத்திரையின் பெயர் ஒரு துண்டில் பாதி, காலாவதி மாதம் இன்னொரு துண்டில் பாதி. ஒரு வரி விட்டால் முட்டை போடுகிற டீச்சரின் டிராயர் அது.

உன்னை மட்டும் சொல்லி என்ன பயன். நான் நிற்கிற கவுண்டருக்கு முன்னால் ஊரே உன்னைப் போலத்தான் நிற்கிறது. காலையில் ஆட்டோக்காரர் வருவார். "இன்னாக்கா, ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல கீது. ஒரு செட்டு கட்டிக் குடு, நாளிக்கு ஏர்போர்ட் சவாரி கீது." செட்டு என்றால் காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக், எல்லாவற்றையும் பிரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் காலை, ராத்திரி என்று எழுதிக் கொடுப்பது. அவருக்கு அடுத்து மாமி. "ஆத்துல எல்லாரும் இருமிண்டே இருக்கா. அந்த மூணு நாள் மாத்திரை இருக்கே, அதுல நாலு பேருக்கு வர்ற மாதிரி ஒரு ரெண்டு அட்டை குடும்மா." நாலு பேரை மூன்று நாளால் வகுத்துப் பார்க்கிற அந்தக் கணக்கு உனக்கே பிடித்திருக்கும்.

ஆரம்பத்தில் நான் டாக்டர் சீட்டு கேட்டிருக்கிறேன். கடை ஓனர் அண்ணாச்சி ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, "ஸ்டெல்லாம்மா, நீ குடுக்கலன்னா எதுத்த கடைக்காரன் குடுக்கப் போறான். வந்தவங்கள அனுப்பாத" என்றார். அதட்டக்கூட இல்லை. அன்றோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு மனுஷியின் நேர்மையை வாங்க எவ்வளவு குறைச்சலான மிரட்டல் போதுமாக இருந்தது பார்.

போன மழைக்காலத்தில் நீ போன் பண்ணினாய். "ஒண்ணுக்குப் போனா எரியுது. வெளிய சொல்லாத." சர்க்கரை உள்ளவளுக்கு அது சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் டாக்டரிடம் போ என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். "இதையெல்லாம் போய் ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு" என்றாய். சரி என்று சிப்ரோஃப்ளாக்சசின் கொண்டு வந்து கொடுத்தேன். நாலாம் நாள் எரிச்சல் போயிற்று என்று நீயே நிறுத்தினாய். அடுத்த வாரம் குளிர் காய்ச்சல். செஃபிக்ஸிம் கொண்டு வந்தேன். இரண்டு நாள் போட்டாய். மூன்றாம் நாள் ஜெரால்டு வந்து பார்த்தபோது, நீ சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாய். அங்கே யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, சலைன் ஏறி, உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்த நேரத்தில்தான் அந்த டாக்டர் வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். "அம்மா, இதுக்கு முன்னாடி ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்துக்கிட்டீங்களா? கடையில வாங்கினதா இருந்தாலும் சொல்லுங்க."

நீ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாய். "நான் மாத்திரையே போடறதில்ல டாக்டர். சுகர் மாத்திரையத் தவிர வேற எதையும் கையால தொடமாட்டேன். வேணும்னா எம் பொண்ணக் கேளுங்க. அவ பார்மசிஸ்ட்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அவள் அதோடு விடவில்லை அம்மா. வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடியும் கேட்டாள். "அவங்க வெக்கப்பட்டு மறைக்கலாம். முன்னாடி எடுத்திருந்தாங்கன்னா வழக்கமான ஊசி கேக்காம போகலாம், வேற ஊசில ஆரம்பிக்கணும். அதனாலதான் கேக்கறேன். வீட்ல எதுவும் குடுத்தீங்களா?" நான் "பாராசிட்டமால் மட்டும்தான்" என்றேன். உன் தலைமாட்டிலிருந்து எடுத்துப் போட்ட செஃபிக்ஸிம் அட்டையின் மீதி அப்போது என் கைப்பைக்குள் இருந்தது. அவள் அதை எழுதிக்கொண்டு, வழக்கமான ஊசியில் ஆரம்பித்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உன் மானத்தைக் காப்பாற்றவா? இல்லை, ஒரு பார்மசிஸ்ட் பெற்ற தாய்க்கே இப்படிச் செய்தாளா என்று ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றா? ஒரு வருஷமாக யோசித்துவிட்டேன். உன்மேல் போட்டுவிடலாம் என்று எவ்வளவோ முயற்சி செய்தும் முடியவில்லை. வராந்தாவில் நீ இல்லை.

மூன்றாம் நாள் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. மருந்துகளின் பெயர் ஒரு வரிசை, எதிரே கிருமி அதற்கு அடங்குமா அடங்காதா என்று ஒற்றை எழுத்து. ஆர் என்றால் அடங்காது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று போயிற்று. ஜெரால்டுக்கு அது வெறும் தாள். எனக்கு உன் சரித்திரம். அமாக்சிசிலின், ஜெரால்டு கல்யாணத்துக்கு முந்தின வாரம் உனக்குப் பல்வலி. செஃபிக்ஸிம், கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் உன் குரல் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு டிசம்பரும். சிப்ரோஃப்ளாக்சசின், வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போகும்போது வயிறு கெட்டால் என்ன செய்வது என்று, கெடுவதற்கு முன்பே போட்டுக்கொண்டு கிளம்பினாய். அந்த வரிசையில் முக்கால்வாசி மருந்தை என் கையால் சுமந்து வந்து கொடுத்திருக்கிறேன்.

கடைசியில் இரண்டே இரண்டு ஊசி மிச்சம் இருந்தது. அன்றே ஏற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. ஆறாம் நாள் காலை நீ போய்விட்டாய். முதல் நாளே அந்த ஊசி ஏறியிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாது என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

உன் அடக்கத்தைப் பற்றிக் கேட்க உனக்கு ஆசையாக இருக்கும். நல்ல கூட்டம். பழைய மாணவிகள் எல்லாரும் வந்து, உன்னிடம் வாங்கிய அடியைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கீழ்வீட்டு ஃபிலோ ஆன்ட்டி உன் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் ஜெபமாலை சொன்னார்கள். முடித்துவிட்டு என் காதருகே வந்து, "ஸ்டெல்லா, இந்தப் பூ வாசத்துக்கு மூக்கு அடைச்சு சளியாப் போச்சு. பையில ஏதாவது நல்ல மாத்திரை வெச்சிருக்கியா? அம்மா இருந்தா அவங்களே குடுத்திருப்பாங்க" என்றார்கள். அந்த செஃபிக்ஸிம் மீதி பையில்தான் இருந்தது. கொடுத்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன் அம்மா.

அடுத்ததுதான் எனக்கு எழுதக் கூசுகிறது. நீ போய் இரண்டு மாதம் கழித்து அந்த டாக்டர் எங்கள் கடைக்கு வந்தாள். திருவான்மியூரில் வீடாம். அவள் அப்பாவுக்கு வேறு ஒரு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டி, "ஏழு நாளைக்கு எழுதியிருக்கு, ஏழு நாளைக்கும் குடுங்க" என்றவள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நீட்டிய சீட்டைக் கவுண்டரில் வைத்தாள். பிறகு, "உங்கம்மாவ நான் மறக்கல. முதல் நாளே வேற ஊசில ஆரம்பிச்சிருக்கணுமோன்னு தோணிக்கிட்டே இருக்கு. சாரிம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னித்தேன். "பரவாயில்ல டாக்டர், நீங்க என்ன பண்ணுவீங்க, எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றேன். மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் பிடித்தது உன்னைக் கொன்ற கை.

அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும். அந்த வாரமே ஜெரால்டிடம் பெருமையாகச் சொன்னேன். டாக்டரே கடைக்கு வந்து சாரி சொல்லிட்டுப் போச்சுடா என்று. அவன் பிடித்துக்கொண்டான். "தப்பு பண்ணாதவ எதுக்கு சாரி சொல்றா?" ஆஸ்பத்திரியிலிருந்து உன் ஃபைல் நகல் வாங்கினான். முதல் மூன்று நாள் ஏறிய ஊசிக்கு எதிரே ரிப்போர்ட்டில் ஆர் இருப்பதை யாரோ நண்பன் காட்டிக் கொடுத்தான். புகார் போய்விட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளும் இப்போது வேலையில் இருப்பாள். திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு, மூட வேண்டிய நேரத்தில் திறந்த வாய் இது.

போன ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்குப் போனோம், வீட்டைக் காலி செய்வது பற்றிப் பேச. அங்கே வைத்து ஜெரால்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிப்ரோ, செஃபிக்ஸிம், நீ சொன்ன பொய், நான் சொன்ன பொய். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றான்.

"இல்ல."

"சொல்லாத. நீ கையெழுத்து மட்டும் போடு. அம்மா பேரு கெடும், உன் லைசென்ஸ் போவும். அந்தப் பொண்ணுக்கு என்ன, சின்ன வயசு, வேற ஆஸ்பத்திரி பாத்துக்குவா."

"நான் சொன்ன பொய்க்கு அவ ஏன்டா போகணும்?"

"டாக்டர்னா அவதானக்கா கண்டுபிடிக்கணும்? நாம சொல்லித்தான் தெரியணுமா?"

உன் மகன்தான் அம்மா, சந்தேகமே இல்லை. படி இறங்கும்போது உன் வீட்டுச் சாவியை என்னிடமிருந்து அவனே வாங்கி வைத்துக்கொண்டான்.

கேள், இன்னும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவனிடமிருந்து போன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று எடுத்தேன். "அக்கா, தொண்டையில முள்ளு குத்துற மாதிரி இருக்கு. அம்மா ஒண்ணு குடுப்பாங்களே, மஞ்சக் கலர், அது பேரு என்னா?" நான் டாக்டரைப் போய்ப் பார் என்றேன். "இதுக்குப் போயா" என்று வைத்துவிட்டான். மந்தைவெளியில் ஒரு கடையில் நிறத்தைச் சொல்லியே வாங்கிவிட்டான். நேற்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறான். "ரெண்டு நாள்ல சரியாப் போச்சு பாத்தியா? நீதான் எல்லாத்தையும் பெருசு பண்ற."

இதில் பெரிய கொடுமை அதுதான். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்திருந்தாலும் அதே இரண்டு நாளில் சரியாகியிருக்கும் என்று அவனிடம் யார் சொல்வது. நூறு தடவை சரியாகும். அந்த நூறு தடவையும் நாம் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

உன்னை வெறுக்கிறேனா என்று கேட்கிறாயா? சில நாள் வெறுக்கிறேன். கவுண்டரில் நிற்கும்போது யாராவது நிறம் சொல்லி மாத்திரை கேட்டால், உன் குரல் கேட்டு வயிறு எரிகிறது. அதே ஆள் போன பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு உன் போன் வராது என்பது ஞாபகம் வந்து, ஸ்டாக் ரூமுக்குள் போய் அழுகிறேன். இரண்டும் ஒரே நாளில் நடக்கிறது. எது நிஜம் என்று என்னைக் கேட்காதே.

புகார்த் தாள் என் முன்னால் இருக்கிறது. என் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. அது அப்படியே இருக்கும். திங்கட்கிழமை நான் அந்த விசாரணைக்குப் போகிறேன். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அவளை ஏமாற்றினோம் என்று சொல்லப் போகிறேன். என்ன மருந்து, எத்தனை நாள், யார் கொண்டு வந்தது, எல்லாம். முப்பத்திரண்டு வருஷம் உண்மையே பேசு என்று பிரம்பால் சொல்லிக் கொடுத்த டீச்சர் சாகப்போகும் நேரத்தில் பொய் சொன்னாள் என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதற்குக் கீழே என் பொய்யையும் எழுதச் சொல்வேன். அண்ணாச்சி என்னை நிறுத்திவிடுவார். லைசென்ஸ் போகலாம். ஜெரால்டு என் பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட வரமாட்டான். போகட்டும்.

உனக்கு என் வாக்கு இதுதான். உன் கல்லறைக்கு மாதா மாதம் வருவேன், பூ வைப்பேன், பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பார்க்கும்படி அழவும் செய்வேன். ஆனால் உன் பெயரைக் காப்பாற்ற இனி யாரிடமும் தலையை ஆட்டமாட்டேன். என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவில்லை அம்மா. நீயும் என்னிடம் கேட்காதே. நாம் இருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் திருவான்மியூரில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். உன் பங்கையும் சேர்த்து நானே கேட்கிறேன்.

நீ கேட்டதையெல்லாம் கொண்டு வந்து கொடுத்த உன் மகள்,
ஸ்டெல்லா